சின்னக் குளியலறையில் இரண்டு சிங்க்: விளக்கும் அலமாரியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீடு புதுப்பிப்பவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கினாலும் யாராவது ஒருவர் வந்து, “பாத்ரூமுல ரெண்டு சிங்க் போடப்போறோம்” என்று ஆரம்பித்துவிடுவார். கேட்கிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அவையேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். சிங்க், மேடை, கீழ் அலமாரி மூன்றும் சேர்ந்ததைக் கடைக்காரர்கள் வேனிட்டி என்பார்கள். நானும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

எங்க பாத்ரூம் ரொம்பச் சின்னது அக்கா. ரெண்டு சிங்க் நிஜமாவே பிடிக்குமா?

ஒரே சுவரில் 150 செ.மீ. நீளம் கிடைத்தால் பிடிக்கும். 40 செ.மீ. அகலமுள்ள இரண்டு சிங்க் வைத்தால், ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை 80 செ.மீ. வரும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று பல் தேய்க்கலாம், முழங்கை இடிக்காது. 120 செ.மீ. சுவரிலும் இரண்டு சிங்க் உட்காரும், ஆனால் நடுவுக்கு நடு 60 செ.மீ.தான். ஒருவர் முகம் கழுவக் குனிந்தால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும்.

சுவரை அளந்தால் மட்டும் போதாது. வேனிட்டிக்கு முன்னால் நிற்க 55 செ.மீ.யாவது வேண்டும், 75 இருந்தால் நிம்மதி. கதவை முழுக்கத் திறந்து பாருங்கள், அது வேனிட்டி மூலையில் இடிக்கிறதா என்று. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் வழக்கமான குளியலறையில் இந்த இடம் கிடைப்பது அரிது. இரண்டு தளம் கொண்ட பழைய எக்சிகியூட்டிவ் மெசனெட், இரண்டு வீட்டை ஒன்றாக்கிய ஜம்போ வீடு, சில கூட்டுரிமை (காண்டோ) வீடுகளின் மாஸ்டர் குளியலறை ஆகியவற்றில்தான் நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

இடம் 120தான் இருக்கு. ஆனா காலையில ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிளம்பணுமே, என்ன பண்றது?

ஒரு காலைப் பொழுதைக் கவனித்துப் பாருங்கள். குழாயை யாரும் அதிக நேரம் பிடித்துக்கொள்வதில்லை. பல் தேய்த்து வாய் கொப்பளிக்க இரண்டு மூன்று நிமிடம். தலை வாரவும், பொட்டு வைக்கவும், சவரம் செய்யவும்தான் பத்து நிமிடம் போகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்கு வேண்டியது கண்ணாடியும் வெளிச்சமும்தான், தண்ணீர் அல்ல. அதனால் 120 செ.மீ. சுவர் உள்ளவர்களிடம், ஒரு சிங்க் வையுங்கள், கண்ணாடியைச் சுவர் முழுக்க வைத்து இரண்டு பேருக்கும் விளக்குப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது சிங்க் வந்தால் அதன் அடியில் இரண்டாவது வடிகால் வளைவும், அதாவது வளைந்த வடிகால் குழாயும், வருகிறது. கீழ் அலமாரியில் நல்ல பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும். இரண்டு குழாய் கட்டாயம் வேண்டுமென்றால், நீளமான ஒரே தொட்டியில் இரண்டு குழாய் வைக்கலாம். வடிகால் ஒன்றோடு முடிந்துவிடும்.

புது பிடிஓ வீடு. வீவக விதி ஏதாவது இருக்கா?

பிடிஓ என்பது, பதிவு செய்தவர்களுக்கு வீவக கட்டித்தரும் புது வீடு. புதிய வீவக வீடுகளில் புளோக் கட்டி முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் பெயர்க்கக் கூடாது. அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு கிழியக் கூடாது என்பதற்காகத்தான். ஓடுகளைப் பெயர்க்காமலே இரண்டாவது சிங்க் வைக்கலாம். அதன் வடிகாலை அலமாரிக்குள்ளேயே சுவரோரமாகக் கொண்டுபோய், ஏற்கெனவே உள்ள வடிகாலில் சேர்க்கலாம். குழாய்க்குப் போதிய சரிவு மட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடியும் சோப்பும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

வீவக பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளரையே அமர்த்துங்கள். குழாய் வேலைக்கு, தண்ணீர் விநியோகத்தைக் கவனிக்கும் பியுபி அமைப்பின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரும், மின்வேலைக்கு உரிமம் பெற்ற மின்பணியாளரும் வர வேண்டும். இதில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கசிந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்ந்தே உண்டு. உடைக்கிற வேலை இருந்தால் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனிக்கிழமைக்கு என்று திட்டம் போட்டுவிடாதீர்கள்.

மேலே ஏற்கெனவே நல்ல பிரகாசமான விளக்கு இருக்கு. கண்ணாடிக்குத் தனியா எதுக்கு?

இன்று இரவு ஒரு சோதனை செய்யுங்கள். குளியலறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று, கைபேசி டார்ச்சைத் தலைக்கு மேல் பிடியுங்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம், மூக்குக்குக் கீழே நிழல், தாடைக்குக் கீழே இருட்டு. அதே டார்ச்சை முகத்துக்கு நேராகப் பக்கவாட்டில் கொண்டுவாருங்கள். நிழல் எல்லாம் விலகிப்போகும். கூரை விளக்கு தரைக்கும் குளிக்கும் இடத்துக்கும் உதவும், முகத்துக்கு உதவாது. எத்தனை வாட் கூட்டினாலும் நிழல்தான் இன்னும் கறுக்கும்.

அப்போ ரெண்டு பேருக்கு எத்தனை விளக்கு? எங்கே வைக்கணும்?

கண்ணாடியின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று என்று நெடுக்காக மூன்று. நடு விளக்கை இருவரும் பங்குபோட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவர் முகத்துக்கும் இரண்டு பக்கமும் ஒளி விழும். இதற்குக் கண்ணாடியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சின்ன அறைக்கு ஒரே பெரிய கண்ணாடிதான் விசாலம் தரும் என்று சிலர் தயங்குவார்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி விட்டால் அந்த விசாலம் குறைவதில்லை.

விளக்கின் நடுப்பகுதி கண் மட்டத்தில் இருக்கட்டும். தரையிலிருந்து 150 முதல் 165 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். கணவன் மனைவிக்கிடையே உயர வித்தியாசம் அதிகம் என்றால் 60 செ.மீ. நீளமுள்ள விளக்காக வாங்குங்கள், இருவருக்கும் ஒத்துவரும். உறை பால்வெள்ளையாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் எல்இடி புள்ளிகள் தெரிந்தால் கண் கூசும்.

பக்கத்தில் இடமே இல்லையென்றால், கண்ணாடிக்கு மேலே அதன் அகலத்துக்குக் குறுக்காக நீண்ட விளக்கு ஒன்று, சுவரிலிருந்து சற்று முன்னே நீட்டிக்கொண்டு இருக்கும்படி. அதோடு மேடை வெளிர் நிறமாக இருக்க வேண்டும். விழும் ஒளி மேடையில் பட்டுத் திரும்பித் தாடைக்கு அடியில் ஏறும். கறுப்புக் கல் அந்த ஒளியை விழுங்கிவிடும்.

வெள்ளை விளக்கா, மஞ்சள் விளக்கா? வீட்டுல தினமும் சண்டை.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூட மஞ்சள் குறைந்து வெள்ளையாகும். நம் ஊரில் பலர் 6500 கெல்வின் பளிச் வெள்ளைக்குப் பழகியவர்கள். அலுவலக விளக்கு மாதிரி நீலம் பாய்ந்திருக்கும் அதில் நம் தோல் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். 2700 கெல்வின் மஞ்சள் இதமானது, ஆனால் அதில் பார்த்து ஒப்பனை செய்துகொண்டு வெயிலில் இறங்கினால் கூடுதலாகப் பூசியது தெரிந்துவிடும். நான் கண்ணாடிக்கு 4000 கெல்வின் எடுக்கச் சொல்கிறேன். கூரை விளக்கும் அதே எண்ணாக இருக்கட்டும். சின்ன அறையில் இரண்டு நிறம் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் வெள்ளை.

இந்த எண்ணைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதைக் கடையில் யாரும் தானாகச் சொல்வதில்லை. சிஆர்ஐ என்பது, வெயிலில் தெரியும் நிறம் விளக்கிலும் அப்படியே தெரிகிறதா என்று காட்டும் எண். 100 தான் உச்சம். சாதாரண எல்இடி 80இல் நிற்கும், கண்ணாடிக்கு 90க்கு மேல் வேண்டும். அடர்சிவப்பு எப்படித் தெரியும் என்பதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. வழக்கமான சிஆர்ஐ கணக்கில் அது சேராததால், 80 என்று எழுதிய விளக்கிலும் சிவப்பு செத்துப்போயிருக்கலாம்.

எங்கள் பழைய வீட்டில் அம்மா குங்குமம் வைத்துக்கொண்டு மின்தூக்கி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவார், “மங்கலா இருந்துச்சு, ஜாஸ்தியா வச்சுட்டேன்” என்று. பார்வையில் கோளாறோ என்று கண் மருத்துவரிடம்கூட அழைத்துப் போனோம். கோளாறு விளக்கில் இருந்தது. சிஆர்ஐ 95 விளக்கு மாட்டியபிறகு அம்மா ஒருநாளும் திரும்பி வரவில்லை. மாநிறமும் கறுப்புமான தோலுக்கு இந்தச் சிவப்பு சரியாகத் தெரிவது ரொம்ப முக்கியம். நம் தோலின் உயிர்ப்பு அதில்தான் இருக்கிறது.

எத்தனை வாட் வாங்கணும்?

வாட்டை விடுங்கள், அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்றுதான் சொல்லும். எவ்வளவு வெளிச்சம் தரும் என்று சொல்லும் லூமன் எண்ணைப் பாருங்கள். மூன்று விளக்கு முறையில் ஒவ்வொன்றும் 500 லூமன் வாக்கில் இருந்தால் 4 சதுர மீட்டர் குளியலறைக்குத் தாராளம். மங்கலாக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் விளக்கும் சுவிட்சும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒத்துப்போகாவிட்டால் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

ஆன்லைன்ல எல்இடி கண்ணாடி மலிவா வருது. வாங்கிடலாமா?

முதலில் படத்தைக் கூர்ந்து பாருங்கள். ஒளி கண்ணாடிக்குப் பின்னால் சுவரில் வட்டமாக விழுகிறதா, கண்ணாடி விளிம்பில் உள்ள பால்வெள்ளைப் பட்டை வழியாக முன்னால் வருகிறதா? பின்னால் விழுவது பார்க்க அழகு, ஆனால் சுவர்தான் பிரகாசமாகும், உங்கள் முகம் இருட்டாகவே இருக்கும். முன்னால் வருவதைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்து மின்சாரம். நம் மின்சாரம் 230 வோல்ட். பிளக் வைத்து வந்தால் அதில் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும், இரண்டு கம்பிப் பிளக்கை அடாப்டரில் சொருகிக் குளியலறையில் ஓட்டாதீர்கள். சாதாரண 13 ஆம்பியர் சாக்கெட்டை நம் குளியலறைக்குள் வைப்பதும் இல்லை. கண்ணாடிக்கான இணைப்பை மின்பணியாளர் நேரடியாகக் கொடுத்து, சுவிட்சை வெளியே வைப்பார். ஓடு ஒட்டுவதற்கு முன்பே ஒயர் வர வேண்டிய இடத்தைக் குறித்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபிறகு சுவர்மேல் வெள்ளைக் குழாய் ஓட்டி ஒயர் இழுத்த வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டி தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா என்றும் கேளுங்கள். எல்இடியைவிட அந்தப் பெட்டிதான் பெரும்பாலும் முதலில் போகும். மாற்ற முடியாவிட்டால் முழுக் கண்ணாடியையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஐபி 44, ஐபி 65னு போட்டிருக்கே, அது என்ன?

தூசும் தண்ணீரும் உள்ளே புகாமல் விளக்கு எவ்வளவு தாங்கும் என்று காட்டும் எண். இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும், 5 என்றால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். சிங்க் பக்கத்துக்கு ஐபி 44 போதும். ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு இல்லாத குளியலறை என்றால் 65 எடுங்கள். ஷவர் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

அலமாரி எவ்வளவு பெருசா வேணும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

குளியலறையில் இருக்கும் எல்லாவற்றையும் கூடத்தில் பாய் விரித்து அதில் கொட்டுங்கள். தேங்காய் எண்ணெய், சீயக்காய், நலங்குமாவு டப்பா, ஷாம்பு, சவரக்கத்தி, சீப்பு, ஹேர்பின், பொட்டு அட்டை, பல் தேய்க்கும் பிரஷ், கழிவறை சுத்தம் செய்யும் திரவம், மாற்றுத் துண்டு. காலாவதியானதையும் காலிப் புட்டியையும் அப்போதே தூக்கிப்போடுங்கள். மிச்சத்தைத் தினமும் எடுப்பது, வாரம் ஒருமுறை எடுப்பது, சும்மா சேர்த்து வைத்தது என்று பிரியுங்கள். எந்தக் கடையின் வடிவமைப்புப் படத்தையும்விட இந்தப் பாய் உங்களுக்கு அதிகம் சொல்லித்தரும்.

தினமும் எடுப்பவை அத்தனையும் ஒல்லியானவை. கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த, 12 முதல் 15 செ.மீ. ஆழமுள்ள கண்ணாடி அலமாரியில் அடங்கிவிடும். ஆளுக்கு ஒரு கதவு, அவரவர் பொருள் அவரவர் பக்கம். இரண்டு சிங்க்கால் கிடைக்கும் சமாதானத்தைவிட இந்தப் பிரிவினையால் கிடைப்பது அதிகம் என்று பல வீட்டில் பார்த்துவிட்டேன். கண்ணாடி அலமாரி வைத்தால், விளக்குகள் அதன் முன்முகத்தோடு சமமாக வர வேண்டும். அலமாரிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிய விளக்கை அலமாரியே மறைத்துவிடும்.

பிரஷ் வைக்கும் கோப்பை அடியில் ஓட்டை உள்ளதாக இருக்கட்டும், செம்பும் வாளியும் கவிழ்த்து வைக்க ஒரு இடமும் வேண்டும். தேங்கிய தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் டெங்கிக் கொசு முட்டையிட்டுவிடும். அலமாரி வரையும்போதே இந்த இடத்தையும் வரைந்துவிடுகிறேன்.

கீழே டிராயரா, கதவா?

டிராயர். கதவு வைத்த அலமாரியில் பின்னால் இருக்கும் பொருளை எடுக்க மண்டி போட வேண்டும். சின்னக் குளியலறையில் மண்டி போடவே இடம் இருக்காது. வடிகால் வளைவைச் சுற்றி ப வடிவத்தில் வெட்டிய டிராயர் செய்து தருவார்கள். வடிகாலை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிச் சுவரோரமாக வைத்தால் வெட்டும் சிறிதாகும். 150 செ.மீ. வேனிட்டியில் இரண்டு சிங்க்குக்கும் நடுவே 40 செ.மீ. கிடைக்குமே, அங்கே குழாய் எதுவும் வராது. முழு ஆழ டிராயர் மூன்றை அந்த இடத்தில் அடுக்குங்கள். தண்ணீரை நிறுத்தும் வால்வுக்குக் கை போகிறதா என்று மட்டும் செய்து முடிக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

பிளைவுட் ஊறிப்போகுமாமே?

சிங்கப்பூரின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டும். அதோடு நாம் குளியலறையை ஈரத்துணியால் துடைக்கும் ஆட்கள் இல்லை, வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறவர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இதற்கு ஆகவே ஆகாது. என் முதல் வீட்டில் அப்படி ஒன்றைத் தெரியாமல் வாங்கினேன். இரண்டே வருடத்தில் அடிப்பலகை ரொட்டிபோல ஊதிப்போனது. பிளைவுட் என்றால் வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றையும், குழாய் போகும் ஓட்டையின் உள்விளிம்பையும் சேர்த்து, அடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நுழைவது ஓரத்தில்தான். அலுமினியம் ஊறாது, கரையானும் அரிக்காது, ஆனால் திறந்து மூடும்போது சத்தம் கொஞ்சம் கேட்கும். நம் கழுவும் பழக்கத்துக்கு நான் அலுமினியப் பக்கம்தான்.

எதுவானாலும் தரையைத் தொடாமல் 20 முதல் 25 செ.மீ. உயர்த்தி மாட்டுங்கள். துடைப்பம் உள்ளே போகும், அடியில் ஈரம் தங்காது, தரை நீண்டு தெரிவதால் அறையும் பெரிதாகத் தோன்றும்.

தொங்கவிட்டா சுவர் தாங்குமா?

செங்கல், கான்கிரீட் சுவர் தாங்கும். புதிய பிடிஓ வீடுகளிலும் கூட்டுரிமை வீடுகளிலும் தொழிற்சாலையில் முழுதாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் குளியலறைகள் உண்டு. அவற்றில் சுவர்ப்பலகை மெல்லியதாக இருக்கலாம், துளை போட்டால் நீர்த்தடுப்பும் பாதிக்கலாம். உங்களுடையது அந்த வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் துளை போட விடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் துருப்பிடிக்காத எஃகுக் கால் வைத்த வேனிட்டி. கல் மேடை, இரண்டு சிங்க், உள்ளே பொருள் என்று பாரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

மேடையில மஞ்சளும் மருதாணியும் கறை படியுமே?

பளிங்கில் படியும், போகாது. குவார்ட்ஸ் கல்லில் உடனே துடைத்தால் போய்விடும், ராத்திரி முழுக்க விட்டால் நிழல்போல நிற்கலாம். அதிகம் மஞ்சள் பூசும் வீடு என்றால் பெரிய செராமிக் பலகையை மேடையாகப் போடுங்கள், எதுவும் உள்ளே இறங்காது.

மருந்தையும் ஹேர் டிரையரையும் அந்தக் கண்ணாடி அலமாரியிலேயே வச்சுக்கலாமா?

வேண்டாம். மாத்திரைக்கு ஈரமும் வெந்நீர் ஆவியும் ஆகாது, படுக்கையறையில் வையுங்கள். டிரையரைச் சொருகச் சாக்கெட் இல்லை என்று மேலே சொன்னேன், அதற்கும் இடம் வெளியேதான். திருநீறும் குங்குமமும் இந்த ஈரத்தில் கட்டிதட்டும். இறுக மூடும் சிமிழில் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சாமி அலமாரியில் வையுங்கள்.

மாமியாருக்கு 70 வயசு. ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போவாங்க. அவங்களுக்கு எது நல்லது?

இதைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். வேனிட்டியின் அடியில், தொங்கும் இடைவெளியில், ஆள் வந்தால் தானாக எரியும் 2700 கெல்வின் எல்இடி பட்டை வையுங்கள். தரை தெரியும், கண்ணில் அடிக்காது, திரும்பிப் போய்ப் படுத்தால் தூக்கம் வரும். பளிச் வெள்ளை எரிந்தால் தூக்கம் கலைந்துவிடும். வயதான கண்ணுக்குப் பகலில் கூடுதல் ஒளியும், கூசாத ஒளியும் வேண்டும். பால்வெள்ளை உறை பற்றி நான் சொன்னது அவர்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

தடுமாறும்போது கை தானாக வேனிட்டி விளிம்பைத்தான் பிடிக்கும். அது ஆளின் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டதில்லை. பக்கத்துச் சுவரில் கைப்பிடிக்கு இடம் விட்டுத்தான் வேனிட்டியின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். 65 வயது நிரம்பிய சிங்கப்பூரர் இருக்கும் வீவக வீடுகளுக்கு, முதியோருக்கான ஈஸ் (EASE) திட்டத்தில் கைப்பிடியும் வழுக்காத தரைப்பூச்சும் சலுகை விலையில் கிடைக்கும். இதற்காக இரண்டாவது சிங்க்கைக் கைவிட வேண்டி வந்தால், கைவிடுங்கள்.

எல்லாத்துக்கும் ஒரே சுவிட்ச் போதுமா?

போதாது. கூரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடிப்பட்டைக்குத் தனி.

எங்கே போய் வாங்கலாம்? போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்?

விளக்குக்குப் பாலஸ்டியர் சாலை, சிங்க்குக்கும் குழாய்க்கும் ஜாலான் புசார். இரண்டும் பக்கம் பக்கம்தான், ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம். குழாய் வாங்கும்போது நீர்ச் சிக்கன முத்திரையில் எத்தனை டிக் என்று பாருங்கள். சுவரின் நீளம், கதவு திறக்கும் பக்கம், வடிகால் இருக்கும் இடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பையில் குங்குமச் சிமிழையும், அடிக்கடி உடுத்தும் சிவப்புப் புடவையின் ரவிக்கையையும் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், கடையில் அந்த ஒரு விளக்கை மட்டும் போடச் சொல்லி, புறங்கையில் துளி குங்குமம் வைத்துப் பாருங்கள். அப்புறம் கடை வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே சிவப்பாகத் தெரிந்தால் வாங்கலாம்.